ஓடைக்குத் தெற்கே

படித்தவர்கள் எழுதும் இடத்தில் நான் எழுதுவது சரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. பள்ளிக்கூடப் படிப்புக்கு மேல் எனக்கு ஒன்றும் கிடையாது. திருவனந்தபுரத்தில் பழம்பொருள் ஆபீசில் படம் வரைகிறவனாக வேலை பார்த்து, போன வருஷம் பென்ஷன் வாங்கினேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதியதெல்லாம் படத்தின் அடியில் வரும் இரண்டு வரிதான்: இன்ன ஊர், இன்ன கல், ஒரு அங்குலத்துக்கு இத்தனை அடி. நாலு பேர் கூடியிருந்தால் அங்கே பேசுவதற்கே எனக்குக் கூச்சம். அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதச் சொன்னவர் சுகுமாரன். ஆபீசில் இப்போது என் மேஜையில் இருப்பவர். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகப் போவதால் பழைய ரிஜிஸ்டர்களை எல்லாம் புதிதாக எழுதுகிறார்கள். சந்தேகம் வந்தால் அவர் கரமனையில் என் வீட்டுக்கு வந்து கேட்பார். ஒரு நாள், "ஸ்வாமி பறஞ்சுண்டிருந்தா நான் மறந்துபோவேன். எழுதித் தந்தா உபகாரம்" என்றார். பல இடங்களைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வந்து நின்றன.

வேலை பழகிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மைக்குச்சியைத் தண்ணீர் விட்டு உரைப்பது, வரைகிற மெழுகுத்துணியின் மேல் சாக்குக்கட்டிப் பொடி தடவித் துடைத்து மை பிடிக்கும்படி செய்வது, அளவு நாடா பிடிப்பது, இவ்வளவுதான். ஒன்று மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அளவுப் புஸ்தகத்தைப் பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி எழுத வேண்டும். கையில் புஸ்தகத்தோடு முன்னால் நடக்கும்போது, தரையில் எது முன்னால் இருக்கிறதோ அதுவே தாளிலும் மேலே வர வேண்டும் என்பதற்காக. வீட்டில் மளிகைச் சாமான் எழுதும்போதுகூட ஒரு தடவை அடியிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி தங்கம் அதைப் படித்துவிட்டு, "கடைக்காரன் தலைகீழா நின்னு சாமான் தருவனா?" என்று கேட்டாள்.

எனக்கு மேலே இருந்தவர் பணிக்கர் ஸார். ஒல்லியான மனிதர். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, கையில் குடை. எந்தப் பழைய இடத்துக்குப் போனாலும் முதலில் ஒன்றும் பேசாமல் அதை மூன்று தடவை சுற்றி வருவார். அதுவரை நாங்களும் பேசக் கூடாது. பழைய புதைகுழியைச் சுற்றி நட்ட கல்வட்டத்துக்குள் போவதானால் செருப்பை வெளியே கழற்றிவிடுவார். கோயில் இல்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, "ஆள் உள்ள வீடல்லே" என்றார், ஆள் இருக்கிற வீடல்லவா என்று.

நான் வரைந்து முடித்த படத்தை அவர் பார்க்கிற விதம் இன்றும் என் கண் முன்னால் நிற்கிறது. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பார். எழுத்தைப் படிக்காமல் கோட்டை மட்டும் பார்ப்பதற்காக. மேஜையில் வைத்து, பேனாவை மைக்கூட்டில் தொட்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்.

"எல்லாம் கண்டோ, ஸ்வாமீ?"

எல்லாவற்றையும் பார்த்தீர்களா என்று அர்த்தம். "கண்டேன் ஸார்" என்பேன். பேனா இறங்கும். எத்தனை படம் வரைந்தேனோ அத்தனை தடவை இது நடந்திருக்கிறது. அவர் கேட்பது சடங்குக்காக அல்ல. ஒரு தடவை, "கிழக்கு மூலையில ஒரு கல் மண்ணுக்குள்ள இருக்கற மாதிரி இருந்தது ஸார், தோண்டிப் பார்க்கல்லை" என்றேன். பேனாவை வைத்துவிட்டு மறுபடி போகச் சொன்னார். போனேன். அது கல்தான்.

ஒரு தென்னந்தோப்பில் கிணறு வெட்டும்போது கிடைத்த தாழிதான் நான் வரைந்த முதல் புதைகுழி. உள்ளே எலும்பு இருந்தது. கையைத் தள்ளி வைத்துக்கொண்டு வரைந்ததை ஸார் பார்த்துவிட்டார்.

"ரெண்டாயிரம் வருஷம் முன்பே மரிச்ச ஆளுக்கு ஸ்வாமிக்கு எந்தா, தீட்டுண்டோ?"

"தெரியாது ஸார். வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று தங்கத்திடம் கேட்டேன்.

"தெரிஞ்சவா போனா உடனே ஸ்நானம் பண்ணணும். இப்போ வெச்ச குழின்னா அங்கேயே உடுத்தின துணியோட முழுகணும். இது ஆரோ எவரோ, எந்தக் காலமோ. திரும்பி வரச்சே ஆத்துல முழுகிட்டு வந்தாப் போறும்."

மறுநாள் ஸாரிடம் இதை அப்படியே சொன்னேன். "நல்ல நியமம். ஆபீஸ் நியமங்களைக்காட்டில் பேதம்" என்றார். பேதம் என்றால் அவர் பேச்சில் மேல் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேலையாக வெளியூர் போய்த் திரும்பும்போதெல்லாம் கரமனை ஆற்றில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.

இனி கல்லுவிளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது தெற்கே, பஸ் ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே. நடுவே ஒரு மேடு, என்னைப் போல இரண்டு ஆள் உயரம். அதைச் சுற்றிக் கருங்கல் வட்டம். உச்சியில் ஒரு கட்டில் அகலத்துக்கு மூடுகல். ஊரார் பாண்டவர் குழி என்பார்கள். இடம் சர்க்கார் புறம்போக்கு. ரோடு போடும் காண்ட்ராக்டர் ஒருவருக்கு அங்கே கல் உடைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தது. அதைத் தடுக்க வேண்டும் என்று அந்த ஊரிலிருந்து ஒரு மனு வந்தது. மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் எழுதியிருந்தார். அடியில் கைநாட்டு. ரூத்தம்மாள், கருப்பட்டி காய்ச்சுகிறவள்.

எங்கள் வழக்கம் இதுதான். முதலில் இடத்தை அளந்து படம் போட வேண்டும். படம் ஃபைலில் ஏறும். ஃபைல் மேலே போய் உத்தரவாகித் திரும்பி வரும். பிறகு படத்தில் கண்டபடி எல்லைக்கல் நாட்டி நோட்டீஸ் பலகை வைப்பார்கள். எல்லைக்குள் இருப்பதை ஒருவரும் தொட முடியாது. வெளியே இருப்பது எங்களுக்குச் சம்பந்தமில்லாதது.

பணிக்கர் ஸாருக்கு அப்போது கோயில் கல்வெட்டு வேலை நெருக்கடியாக இருந்தது. "ஸ்வாமி போய் அளந்துகொண்டு வரூ" என்று என்னையும் பியூன் குட்டனையும் அனுப்பினார். மறுநாள் என் அப்பாவின் திவசம். காலை பஸ்ஸில் போய், மாலை மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று புறப்பட்டேன்.

ரூத்தம்மாள் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். வெள்ளைச் சேலை. நாங்கள் நாடாவை விரித்ததுமே புல்லை மிதித்து விலக்கிக் கல்லெல்லாம் காட்டினார். நடு வெயிலில் நாலு நொங்கு வெட்டிக்கொண்டு வந்தார். நான் தயங்கினேன்.

"நொங்குக்குத் தீட்டு இல்லியே சாமி? மரத்தில இருந்து நேரே வந்ததாக்கும். நான் ஒண்ணும் சமைக்கல."

குட்டன் சிரித்தான். நான் வாங்கிச் சாப்பிட்டேன். அதைப்போல நொங்கு பிறகு சாப்பிட்ட ஞாபகம் இல்லை.

"இந்தக் கல்லு போனா உங்களுக்கு என்னம்மா?" என்று குட்டன் கேட்டான்.

"எங்க ஆளுவளையும் இங்கதானே வச்சிருக்கு. இந்தக் கல்லு கெடக்கட்டும், பக்கத்தில நம்மளும் கெடக்கலாம்னு பழைய ஆளுவ தொடங்கினது. இதுக்குள்ள கெடக்கியவியளும் ஆரோ பெத்த பிள்ளியதானே."

இரண்டு மணிக்கு மேட்டை முடித்தேன். தெற்கே ஒரு ஓடை, அந்த ஊரில் தோடு என்பார்கள். தாண்டினால் நாலு எட்டு. அதற்கு அப்பால் புதர். புதருக்குள் ஒரு மரச் சிலுவையும் புது மண்ணும் தெரிந்தன. முந்தின நாள்தான் யாரையோ வைத்திருக்கிறார்கள்.

"தோட்டுக்கு அந்தப் பக்கமும் கல்லு உண்டு சாமி. சின்ன வட்டம். வாருங்க, காட்டுதேன்" என்றார் ரூத்தம்மாள்.

நான் ஓடைக் கரையில் நின்றேன். தாண்டினால் அங்கேயே உடுத்த துணியோடு முழுக வேண்டும். ஓடையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. குளம் ஒரு மைலுக்கு அப்பால். முழுகி வந்தால் பஸ் போய்விடும். பஸ் போனால் அப்பாவின் திவசம் நின்றுபோகும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் குட்டன், "நான் போய் நோக்கட்டே ஸ்வாமீ?" என்று கேட்டதும் உண்மை. அவனுக்கு ஒரு தடையும் இல்லை. வேண்டாம் என்றேன். அவன் போய்ப் பார்த்து, கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், நான் நாளைக் கழித்து இன்னொரு தடவை வர வேண்டியிருக்கும், அல்லது அப்போதே போக வேண்டியிருக்கும். நாடாவைச் சுருட்டச் சொன்னேன்.

"அப்பம் எழுதிக்கிட்டியளா சாமி?" என்றார் ரூத்தம்மாள்.

"எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பஸ் கிடைத்தது. திவசம் குறைவில்லாமல் நடந்தது. அதற்கு மறுநாள் படத்தை வரைய உட்கார்ந்தேன். மேட்டைக் காட்டுவதற்குச் சரிவுக்கோடு என்று உண்டு. மேலே தடித்து, கீழே போகப் போக மயிர் போல மெலிய வேண்டும். அதில் எனக்குக் கை நன்றாக வரும். மேட்டை அழகாகப் போட்டேன். ஓடையை இரட்டைக் கோடாகப் போட்டேன். அதற்குத் தெற்கே புதர் என்பதற்கு அடையாளமாக மும்மூன்று சிறு கீற்றுகள் போட்டு நிரப்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் படத்தில் அந்தப் புதர்தான் எல்லாவற்றையும்விட நன்றாக வந்திருந்தது.

ஸார் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மேஜையில் வைத்தார்.

"எல்லாம் கண்டோ, ஸ்வாமீ?"

"கண்டேன் ஸார்."

பேனா இறங்கியது.

ஐந்தாறு மாதத்தில் உத்தரவாகி எல்லைக்கல் நாட்டினார்கள். நோட்டீஸ் பலகைக்குத் தமிழ் எழுத்து நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ரூத்தம்மாள் ஆபீசுக்கு வந்தார். விடியும் முன் புறப்பட்டிருக்க வேண்டும், கால் முழங்கால் வரை புழுதி. ஸார் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஸாரிடம் பேசினார்.

"ஏமானே, குழிமேட்டுக்குக் கல்லு நாட்டினது நல்ல காரியம். ஆனா தோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் நாட்டியிருக்கு. அந்தப் பக்கத்துக் கல்லு ஆருக்கக் கல்லு?"

"அப்புறத்தும் கல்லு உண்டோ?"

"உண்டு. எங்க வீட்டுக்காரரு கெடக்கிய எடத்துக்கு நாலு எட்டு கெழக்க. பாதி மண்ணுக்குள்ள. நடுக்க ஒரு பலகைக்கல்லு, அதில வட்டமா ஒரு ஓட்டை. சூரியன் உதிச்சா வெயிலு அதுவழி உள்ள போவும். நேத்து காண்ட்ராக்டருக்க ஆளுவ வந்து புதரை வெட்டியாச்சு. கேட்டா, சர்க்காருக்குள்ளது தோட்டுக்கு அந்தப் பக்கம், இது எங்களுக்குள்ளதுன்னு சொல்லுதாவ."

ஸார் ஃபைலை எடுத்துவரச் சொன்னார். படத்தை விரித்தார். ஓடைக்குத் தெற்கே விரலை வைத்தார். நான் மூன்றாம் மேஜையில் இருந்தேன்.

"ஸ்வாமீ, தோட்டினப்புறம்? எல்லாம் கண்டதல்லே?"

அப்போதாவது, பார்க்கவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அன்றைக்கே தடை உத்தரவு எழுதித் தாலூக்காவுக்குத் தந்தி கொடுத்திருப்பார். அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. எழுந்து நின்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கண்டேன் ஸார். புதர்தான்."

இந்தச் சாமி தோட்டைத் தாண்டவே இல்லை என்று ரூத்தம்மாள் சொல்லியிருக்கலாம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸார் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "திங்களாழ்ச்ச ஞான் நேரிட்டு வரும். வந்து நோக்காம்" என்றார். நான் சொன்னதை அவர் நம்பினார். அதனால்தான் திங்கட்கிழமை என்றார்.

திங்கட்கிழமை போனோம். ரூத்தம்மாள் வழியில் எதிரே வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார். அங்கே புதர் இல்லை. சல்லி குவித்திருந்தது, புதிதாக உடைத்த கல்லின் வெளுப்போடு. ஸார் ஓடைக் கரையில் செருப்பைக் கழற்றினார். அந்தப் பக்கம் போய், கல்வட்டம் இருந்த இடத்தை ஒன்றும் பேசாமல் மூன்று தடவை சுற்றினார். பலகைக்கல்லில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. ஓட்டையின் பாதி அதில் இருந்தது. பிறைபோல என்று குட்டன் பிற்பாடு சொன்னான். நான் பார்க்கவில்லை. நான் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டேன்.

"இப்பமாவது வந்து பாருங்க சாமி" என்று ரூத்தம்மாள் அங்கிருந்து கூப்பிட்டார். கோபமாக அல்ல. நொங்கு கொடுத்தபோது கூப்பிட்ட அதே குரல்தான். அன்று திவசம் இல்லை, பஸ்ஸுக்கும் நேரம் இருந்தது. ஆனாலும் என் கால் நகரவில்லை.

ஸார் திரும்பி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மேலே ரிப்போர்ட் எழுதுவார் என்று பயந்தேன். பஸ்ஸில் மழை குறைந்ததைப் பற்றியும் அவர் மகளுக்கு வந்த வரனைப் பற்றியும் பேசினார். ரிப்போர்ட்டும் எழுதவில்லை. என் சம்பளமோ மேஜையோ ஒன்றும் மாறவில்லை.

அந்த வாரமே இன்னொரு படத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலில் பிடித்தார். தலைகீழாகத் திருப்பினார். மேஜையில் வைத்தார். பேனாவைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டார். நிமிரவில்லை.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த படத்துக்கும் கேட்கவில்லை. அதற்கடுத்ததற்கும் கேட்கவில்லை. புதிதாக வந்த இன்னொரு டிராப்ட்ஸ்மேனிடம், "எல்லாம் கண்டோ?" என்று அவர் கேட்பது என் மேஜைக்குக் கேட்கும். என்னிடம் கேட்கவில்லை. அவருக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருந்தது. அந்த ஏழு வருஷமும் என் வேலை முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. பாம்புப் புற்றைக்கூட விடாமல் அளந்தேன். ஒவ்வொரு தடவையும் கையெழுத்து விழுந்த பிறகும் மேஜைக்கு முன்னால் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்பேன். "எந்தா ஸ்வாமீ?" என்பார். "ஒண்ணும் இல்லை ஸார்" என்று படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

அவர் பென்ஷனாகிற அன்று பார்த்த கடைசிப் படம் நான் வரைந்தது. வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். கேட்டால் கல்லுவிளையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன். "ஸ்வாமிக்கு நல்ல கையாணு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வேண்டியிருந்தது அது அல்ல.

அவர் காலமான செய்தி இரண்டு வருஷம் கழித்து ஆபீசில் கிடைத்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே ஆற்றில் இறங்கி, உடுத்த துணியோடு முழுகினேன். ஈரத்தோடு வந்த என்னைப் பார்த்துத் தங்கம், "ஆரு?" என்றாள். சொன்னேன். "அவர் நமக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். "தெரிஞ்சவர்" என்றேன். அவள் உள்ளே போய் உலர்ந்த வேஷ்டி எடுத்து வந்தாள்.

இப்போதும் மத்தியானம் கண்ணயர்ந்தால் மெழுகுத்துணியின் வாசனை வருகிறது. நாடாவின் நுனியிலிருக்கும் பித்தளை வளையம் கல்லில் தட்டும் சத்தம் கேட்கிறது. ரூத்தம்மாள் புல்லை மிதித்துக் கல் காட்டிய அந்தக் காலை நேரம் வருகிறது. அப்போது இரண்டு வட்டமும் முழுசாக இருந்தன. ஒன்றை நான் அளந்தேன். மற்றொன்று என்னிடமிருந்து நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. ஆயிரம் தடவை நினைத்தும் அது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் மனத்தில் வரைய முடியவில்லை. பார்க்காததை வரைய எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை சுகுமாரன் வந்தார். இவ்வளவும் எழுதிய நோட்டு மேஜைமேல் இருந்தது. அவர் கொண்டுவந்த ஃபைலில் கல்லுவிளைப் படம் இருந்தது. துணி பழுத்துப்போயிருந்தது, கோடு மங்கவில்லை. புது ரிஜிஸ்டருக்கு இதைப் பார்த்துப் புதிதாக வரையப் போகிறார்களாம். அவர் படத்தைத் தடவிக்கொண்டே, "எந்தொரு வேலை ஸ்வாமீ, இந்தப் புதரைப் பாருங்கோ" என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, ஆபீஸ் காரியமாகத்தான், நிமிர்ந்து கேட்டார்.

"இதில எல்லாம் உண்டல்லோ?"

அவருக்குப் பணிக்கர் ஸாரைத் தெரியாது. அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே ஸார் போய்விட்டார்.

"இல்லை" என்றேன். "ஓடைக்குத் தெற்கே நான் போகல்லை. அங்கே ஒரு வட்டம் இருந்தது. நான் பார்க்காமலே பார்த்தேன்னு சொன்னேன்."

அவர் பேனாவை மூடினார்.

மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் கல்லுவிளைக்குப் போனோம். ரூத்தம்மாளின் வீடு பூட்டியிருந்தது. நான் ஓடையைத் தாண்டினேன். மண்ணுக்குள் ஐந்து கல்லின் அடிப்பாகம் மிச்சம் இருந்தது. சுகுமாரன் நாடாவைப் பிடித்தார், நான் அளந்து எழுதினேன். மாலையில் திரும்பி வந்து, ஆற்றில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.